ஈரப் புல்வெளியும் எருமையின் வாயும்

கேரளத்தின் கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரியிலிருந்து தெற்கே கும்பளங்கி, செல்லானம் வரையிலும், காயலைக் கடந்து வடக்கே வைப்பின், கடமக்குடி வழியாகத் திருச்சூர் மாவட்டத்தின் கோள் நிலங்கள் வரையிலும், கடலுக்கும் மேட்டு நிலத்துக்கும் இடையே கிடக்கும் தாழ்நிலம் ஆண்டின் ஒரு பகுதியில் நீருக்கடியில் மறைந்தும் மற்றொரு பகுதியில் நெல்லும் கோரையும் புல்லுமாக வெளிப்பட்டும் பருவத்தோடு உருமாறிக்கொண்டே இருக்கிறது. இவ்வாறு நீர் ஏறியும் வடிந்தும், மரம் வேரூன்ற இடம் கொடாமல், புல்லும் கோரையுமே தழைத்து நிற்கும் நிலத்துக்குச் சூழலியலில் ஈரப் புல்வெளி என்று பெயர். ஏரியைப் போல் என்றும் நீர் நிற்காமலும் காட்டைப் போல் நிழல் கவியாமலும் இருக்கும் அந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் தரையிலும் மிதக்கும் இலைகளிலும் கூடு வைக்கும் பறவைகளுக்கு வாழ்வளிக்கிறது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் வேம்பநாடு–கோள் ஈரநிலத் தொகுதி 1,51,250 ஹெக்டேர் பரப்புடன் 2002இல் சேர்க்கப்பட்டது. அதன் பின்னும் இங்குள்ள பறவைகளைப் பற்றிய பேச்சு குளிர்காலத்தில் வந்து திரும்பும் வலசைப் பறவைகளைச் சுற்றியே பெரிதும் நடக்கிறது. இங்கேயே தங்கி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பறவைகளுக்கு நிலம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

இந்த நிலங்களைக் கைபடாத இயற்கை என்று எண்ணிக்கொண்டு காக்கப் புறப்படுவது முதல் படியிலேயே வழி தவறுவதாகும். கடல்மட்டத்துக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கும் கோள் நிலம், காயலுக்குக் குறுக்கே சிறை என்னும் மண்வரப்புகளைப் போட்டு உழவர்கள் மீட்டெடுத்த நிலம். அதன் நீரை இறைக்க இன்றும் பயன்படும் ‘பெட்டியும் பறையும்’ என்ற மரப்பெட்டி இறவைப் பொறி, கொச்சியில் பட்டறை நடத்திய பிரண்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வடிவமைத்தது என்பர். கொச்சியைச் சுற்றியுள்ள பொக்காளி நிலமும் அப்படிப்பட்டதே: மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்ட மண்ணில் ஆளுயர நெல்லும், அறுவடைக்குப் பின் தூம்பு என்னும் மதகு வழியாக ஏற்றவற்றத்தோடு உள்ளே வரும் உவர்நீரில் இறாலுமாக, மாறி மாறிப் பயன்படுத்தப்பட்டு வந்த நிலம் அது. நீரின் ஏற்ற இறக்கம், உழவரின் அரிவாள், கால்நடையின் வாய் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இத்தகைய வெளிகளைத் திறந்த வெளிகளாக வைத்திருந்தன. முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது; மூன்றாவதாகிய மேய்ச்சல், பறவைகளின் பகை என்றே நெடுங்காலம் கருதப்பட்டு, அந்தக் கருத்துக்கு இந்தியா ஒரு பெரிய விலையும் கொடுத்திருக்கிறது. அந்த விலையைப் புரிந்துகொள்ளாமல் கேரளத்தின் ஈரநிலங்களை மீட்பது கடினம்.

ஒரு பறவை தன் கூட்டுக்கு இடம் தேடும்போது புல்லின் உயரம் என்ன பொருள் தருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சிவப்பு மூக்கு ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. குட்டைப் புல்லோ வெறுந்தரையோ உள்ள இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிறு குழியைப் பறித்து, சிறுகற்களையும் காய்ந்த சாணத் துண்டுகளையும் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, மண்நிறத்தில் கரும்புள்ளிகள் தெளித்த நான்கு முட்டைகளைக் கூர்முனை உள்நோக்கி இருக்குமாறு இடுகிறது. முட்டையின் நிறமே அதற்குக் காப்பு. அடைகாக்கும் பறவைக்குக் காப்பு தொலைவு வரை தெரியும் பார்வை. கீரியோ நாயோ வெகுதூரத்தில் வரும்போதே எழுந்து கத்திக்கொண்டு திசைதிருப்பிப் பறக்க முடிந்தால்தான் கூடு தப்பும்; புல் முழங்கால் அளவுக்கு மேல் வளர்ந்துவிட்டால் பகை அருகில் வந்தது தெரியாமலே போகும் என்பதால் அத்தகைய இடத்தை ஆள்காட்டி கைவிட்டுவிடுகிறது. பொரித்த சில மணி நேரத்திலேயே கூட்டைவிட்டு ஓடத் தொடங்கும் குஞ்சுகள் தாமே பூச்சி பொறுக்க வேண்டியவை. அடர்ந்த ஈரப்புல்லில் அவற்றின் தூவி நனைந்து, உடல் குளிர்ந்து, நடக்க முடியாமல் இறக்கின்றன.

மற்றப் பறவைகளின் தேவை இதிலிருந்து வேறுபடுகிறது. நீளவால் இலைக்கோழி அல்லி, ஆம்பல் போன்ற மிதக்கும் இலைகளின் மேல் முட்டையிடுகிறது. பெண் முட்டையிட்டு நகர்ந்துவிட, ஆண் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கிறது. நீர்ப்பரப்பைக் கொடிப்புல் மூடிவிட்டால் மிதக்கும் இலைகளுக்கு இடமில்லை, இலைக்கோழிக்கும் இடமில்லை. மயில் உள்ளானுக்கு நீரோரச் சேற்றில் திட்டுத்திட்டாக நிற்கும் புற்குத்துகள் வேண்டும். நீலத் தாழைக்கோழிக்கும் கானாங்கோழிக்கும் ஆளுயரக் கோரையும் நாணலும் வேண்டும். சீழ்க்கைச் சிறகி மரப்பொந்திலும் அடர்ந்த புற்குத்துக்குள்ளும் முட்டையிடும். ஆகவே முழுக்க மொட்டையடித்த வெளியும் முழுக்க வளரவிட்ட வெளியும் ஒன்றுபோலவே வறுமையானவை. குட்டைப்புல், குத்துப்புல், நெடுங்கோரை, திறந்த நீர், சேறு ஆகியவை அடுத்தடுத்துக் கலந்து கிடப்பதே பல பறவைகள் ஒருங்கே இனம்பெருக்க உதவும் நிலை.

அந்தக் கலப்பை இயந்திரத்தால் உண்டாக்குவது அரிது, ஏனெனில் வெட்டுக்கத்தி எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் ஒரே நாளில் வெட்டிவிடுகிறது. மாடு நாக்கைச் சுழற்றிப் புல்லைச் சேர்த்துப் பறித்துத் தின்பதால் ஓரிடம் குட்டையாகவும் அடுத்த இடம் குத்தாகவும் மிஞ்சுகிறது. செம்மறி தரையோடு ஒட்டக் கடித்து மேய்கிறது. வெள்ளாடு புல்லைவிடத் தழையையும் செடியையும் நாடுவதால் புதர் ஏறும் விளிம்புகளில் பயன்படுகிறது. எருமையோ இவை எதுவும் இறங்காத ஆழத்துக்கு இறங்கி, வயிறு நனைய நின்றபடி நீரில் மிதக்கும் கொடிப்புல்லை இழுத்துத் தின்கிறது. அது புரண்டெழும் குழிகள் நீர் வற்றும்போது கடைசிவரை ஈரம் காக்கும் சிறு குட்டைகளாக நின்று தவளைக்கும் மீன்குஞ்சுக்கும் புகலிடமாகின்றன. அதன் குளம்புத் தடங்களில் தேங்கும் நீரில் பூச்சிப் புழுக்கள் பெருகுகின்றன. சாணத்தில் வளரும் வண்டுகளும் ஈக்களும் குஞ்சுகளின் இரையாகின்றன. எருமையின் முதுகிலும் காலடியிலும் உண்ணிக்கொக்கு விடாமல் தொடர்வதை ஊரறியும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் மேய்ச்சலை முற்றாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் மிகத் தெளிவாகப் பதிவான சான்று ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா. சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த இடமும் மனிதர் உருவாக்கியதே: இயல்பான பள்ளமொன்றின் அருகே 18ஆம் நூற்றாண்டில் பரத்பூர் மன்னர் சூரஜ்மல் காலத்தில் கட்டப்பட்ட அஜான் அணையால் நீர் தேங்கத் தொடங்கி, பின்னர் கால்வாய்களும் கரைகளும் அமைத்து அரச குடும்பத்தின் வாத்து வேட்டைக்களமாக வளர்க்கப்பட்டது. 1938 நவம்பர் 12ஆம் நாள் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டைக் குழு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அந்த வேட்டைகளுக்கு நடுவிலும் சுற்றியுள்ள ஊர்களின் மாடுகளும் எருமைகளும் உள்ளே மேய்ந்துகொண்டுதான் இருந்தன. 1956இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின்னும் மேய்ச்சல் தொடர்ந்தது. சுமார் 2,500 கால்நடைகள் அங்கே மேய்ந்ததாகக் குறிக்கப்படுகிறது.

1980களின் தொடக்கத்தில் சரணாலயம் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டபோது நிலைமை மாறியது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, சரணாலயத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ வனத்துறைக்கு அதிகாரம் தருகிறதே தவிர முற்றாக விலக்கிவிடவில்லை. தேசியப் பூங்காவிலோ கால்நடை மேய்ச்சலை அனுமதிக்கவே கூடாது என்று விதிக்கிறது. பறவைக்கு எருமை இடையூறு என்ற கருத்து அந்நாளில் பறவையியலாளர்களிடையே ஓங்கியிருந்தது. அவர்களுள் முன்னணியில் நின்ற சலீம் அலியின் நிலைப்பாடும் மேய்ச்சலுக்கு எதிராகவே இருந்தது. 1982 நவம்பரில் மேய்ச்சல் தடை நடைமுறைக்கு வந்தது. மாற்று மேய்ச்சல் நிலம் எதுவும் காட்டாமல் வந்த தடையை ஊர்மக்கள் எதிர்த்தனர். மோதல் முற்றிக் காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் உயிர்கள் பலியாயின. ஒரு பறவைப் புகலிடத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அதன் எல்லையில் மனிதர்கள் இறந்தார்கள் என்பதை இந்தியப் பாதுகாப்பு வரலாறு எளிதாகக் கடந்துபோகக் கூடாது.

தடைக்குப் பின் நடந்ததை அளந்து பதிவுசெய்தது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பத்தாண்டு ஆய்வு. 1980இல் தொடங்கி 1990 வரை நடந்த அந்த ஆய்வைக் கேரளத்தைச் சேர்ந்த சூழலியலாளர் வி. எஸ். விஜயன் வழிநடத்தினார், பிற்காலத்தில் கோயம்புத்தூரின் சலீம் அலி பறவையியல் மையத்துக்கு நிறுவன இயக்குநராகவும் கேரள உயிர்ப்பன்மை வாரியத்துக்குத் தலைவராகவும் இருந்தவர் அவர். தடைக்கு முன்பே தொடங்கிவிட்டதால் முன்னும் பின்னும் ஒப்பிடும் அரிய வாய்ப்பு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. எருமைகள் வெளியேறிய சில ஆண்டுகளிலேயே பாஸ்பலம் டிஸ்டிகம் என்ற நீர்வாழ் கொடிப்புல் பூங்காவின் நீர்நிலைகளைப் பிடித்துக்கொண்டது. தரையிலும் நீரிலும் ஒருங்கே வாழ வல்ல இந்தப் புல்லின் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுகிறது. கரையில் வேரூன்றி நீர்மேல் படர்ந்து, பின்னிப் பின்னித் தடித்த மிதவையாகிறது. அந்த மிதவைக்கு அடியில் ஒளி புகாததால் வேலம்பாசி முதலிய நீர்மூழ்கிச் செடிகள் மடிகின்றன. அழுகும் புல் நீரின் உயிர்வளியைக் குடித்துவிடுவதால் மீன்கள் குறைகின்றன. திறந்த நீர்ப்பரப்பு சுருங்குகிறது.

இதன் விளைவைப் பறவைகள் வகைவகையாக அனுபவித்தன. நீர்மூழ்கிச் செடிகளையும் அவற்றின் விதைகளையும் தின்னும் வாத்தினங்களுக்கு இரை குறைந்தது. மூழ்கி மீன்பிடிக்கும் பறவைகளுக்கு மூழ்க இடம் குறைந்தது. கோரைக்கிழங்கைச் சேற்றிலிருந்து அலகால் தோண்டி எடுக்கும் சைபீரியக் கொக்குக்குப் புல்லடர்ந்த சேறு எட்டாத சேறாயிற்று. 1960களின் நடுவில் பரத்பூரில் இருநூறு வரை எண்ணப்பட்ட சைபீரியக் கொக்குகள் 2001–02 குளிர்காலத்துக்குப் பின் அங்கே காணப்படவில்லை. வலசைப் பாதை நெடுகிலும் நடந்த வேட்டையே அந்த இழப்பின் முதன்மைக் காரணம் என்பதால் முழுப்பழியையும் புல்லின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. ஆனால் எஞ்சி வந்து சேர்ந்த சில கொக்குகளுக்கும் உணவிடம் சுருங்கியது. நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை போன்றவை கருவேல மரங்களில் கூடு கட்டுபவை என்றாலும் அவற்றின் குஞ்சுகளுக்கு வேண்டிய மீனும் நத்தையும் இதே ஆழமற்ற நீரிலிருந்துதான் வர வேண்டும்.

புல்லை அகற்ற நிர்வாகம் புல்டோசர்களை இறக்கிப் பார்த்தது. செலவு மிகுந்ததோடு, அடியோடு அகழாத இடங்களிலெல்லாம் கணுக்கள் மீண்டும் துளிர்த்தன. ஊர்மக்கள் உள்ளே வந்து புல்லறுத்துத் தீவனமாகக் கொண்டுபோகப் பின்னர் அனுமதி தரப்பட்டது. அது இருதரப்புக்கும் பயன்பட்டது உண்மை. ஆயினும் அரிவாளோடு வருபவர் காலூன்றக்கூடிய கரையோரத்திலும் நீர் வடிந்த பிறகும்தான் அறுக்க முடியும். எருமையோ மழைக்காலத்தில், கொடி வேகமாக ஓடும் அந்த மாதங்களிலேயே, நீருக்குள் நின்று அதன் முனைகளைக் கடித்து நிறுத்துகிறது. இந்தக் காலப்பொருத்தமே மேய்ச்சலின் பெரும்பயன். அறுக்கப்படாமல் மிஞ்சிய புல் கோடையில் காய்ந்து தீக்கு விருந்தாவதும் பூங்காவின் புதிய தொல்லைகளுள் ஒன்றாயிற்று. எருமை அந்தச் சூழலமைப்பின் இன்றியமையாத உறுப்பு, வரையறுக்கப்பட்ட அளவில் அதன் மேய்ச்சல் மீண்டும் அனுமதிக்கப்பட வேண்டும் என்பதே அந்தப் பத்தாண்டு ஆய்வின் முடிவு. தம் கழகமும் தம் முன்னோடிகளும் ஏற்றிருந்த கருத்துக்கு மாறாகத் தரவுகள் போன திசையில் ஆய்வாளர்கள் நின்றது இந்திய அறிவியலுக்குப் பெருமை. எனினும் ‘தேசியப் பூங்கா’ என்ற உயர்ந்த தகுதியே அந்தப் பரிந்துரையை நிறைவேற்றும் வழியை அடைத்துவிட்டது: சரணாலயமாகவே இருந்திருந்தால் எண்ணிக்கையையும் மாதத்தையும் வரையறுத்து ஓர் ஆணை பிறப்பித்திருக்கலாம்.

மேய்ச்சல் எங்கும் எப்போதும் நன்று என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அடுத்த தவறாகும். தமிழ்நாட்டின் கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் புல்வெளியைக் காட்டுக் குதிரைகளாகிவிட்ட மட்டக்குதிரைகள் பங்குபோட்டுக்கொள்வதும், சீமைக்கருவேலம் அதே வெளியை விழுங்கி வருவதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. கால்நடைகளின் சாணத்தோடு சீமைக்கருவேல விதையும் பரவுகிறது. எத்தனை விலங்கு, எந்த விலங்கு, எந்த மாதத்தில், எவ்வளவு நாள் என்ற நான்குக்கும் விடை தெரியாமல் மேய்ச்சலை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் ஒன்றே.

இந்த நான்கு கேள்விகளையும் மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் நெதர்லாந்து, இங்கிலாந்து நாட்டவர். 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக்காரர்களின் தாய்நாடும் கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த நிலத்தைக் கரைகட்டி மீட்ட நாடு; அங்குள்ள ஈரமான மேய்ச்சல் வெளிகளில்தான் கருவால் மூக்கன் பறவை பெருமளவில் கூடு வைத்தது. 1960களில் ஒரு லட்சம் இணைகளுக்கு மேல் இருந்த அந்தப் பறவை, வடிகால்கள் ஆழமாக்கப்பட்டு, உரமிடப்பட்ட புல் முன்கூட்டியே அறுக்கப்பட்டதால் பின்னர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. 2015இல் நெதர்லாந்து மக்கள் அதைத் தம் தேசியப் பறவையாகத் தேர்ந்தெடுத்ததில் பெருமிதத்தோடு கவலையும் கலந்திருந்தது. கோள் நிலத்துக்குக் குளிர்காலத்தில் வரும் கருவால் மூக்கன்கள் ஆசியாவின் வடபகுதியில் கூடு வைப்பவை, அந்த டச்சுப் பறவைகள் அல்ல. ஆனால் புல்லும் நீரும் சேர்ந்த நிலத்தை நம்பும் வாழ்வு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்நாடுகளில் ஆய்வாளர்கள் கண்ட முக்கியமான உண்மை, மிதிபடும் கூடுகளைப் பற்றியது. ஒரு கூடு மிதிபடும் வாய்ப்பு விலங்குகளின் எண்ணிக்கையோடு மட்டுமன்றி அவை அங்கே இருக்கும் நாள்களோடும் பெருகுகிறது. அமைதியாக மேயும் பால்மாடுகளைவிட ஓடி விளையாடும் இளம் மாடுகள் அதிகம் மிதிக்கின்றன. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். ஆள்காட்டியின் அடைகாலம் ஏறத்தாழ நான்கு வாரம். நாளொன்றுக்கு நூறில் இரண்டு கூடுகள் மிதிபடுவதாக வைத்துக்கொண்டால் 28 நாளில் நூறு கூடுகளில் 57 மட்டுமே எஞ்சும்; நாளொன்றுக்கு நூறில் ஐந்து என்று வைத்துக்கொண்டால் எஞ்சுவது 24. நாள்தோறும் நேரும் சிறு இழப்பும் நான்கு வாரத்தில் பெரிதாகச் சேர்வது இதனால்தான். ஆகவே அங்கே கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் நன்றாக மேயவிட்டுப் புல்லைக் குட்டையாக்கி, கூடு வைக்கும் வசந்த காலத்தில் மந்தையைக் குறைத்தோ விலக்கியோ வைத்து, நீர்மட்டத்தை மட்டும் உயர்த்தி நிறுத்துகின்றனர்; அறுப்பை ஜூன் நடுவுக்குத் தள்ளிப்போடும் உழவருக்கு அதனால் வரும் இழப்பு பொதுப்பணத்திலிருந்து ஈடுசெய்யப்படுகிறது.

கேரளத்தில் சிக்கல் வேறு முகம் காட்டுகிறது. இங்கே யாரும் தடை போடாமலே ஈரநிலத்தைவிட்டுக் கால்நடை பெருமளவு வெளியேறிவிட்டது. 1961ஆம் ஆண்டின் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் நாட்டுக் காளைகளைக் காயடிக்க வழிசெய்தது. 1963இல் மாட்டுப்பெட்டியில் தொடங்கிய இந்தோ–சுவிஸ் திட்டம் சுவிஸ் நாட்டுக் காளைகளோடு இனக்கலப்பைப் பரப்பியது. பால் பெருகியது, ஆனால் கனத்த உடலும் நோய்க்கு எளிதில் இடம்கொடுக்கும் இயல்பும் கொண்ட கலப்பின மாடு தொழுவத்தில் கட்டித் தீவனமிடப்படும் மாடாகவே இருந்தது, சேற்றில் இறங்கி மேய அதனால் இயலாது. வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரையில் வைக்கம் அருகே வெச்சூரில் தோன்றிய, மூன்றடி உயரம்கூட எட்டாத வெச்சூர் மாடு ஏறத்தாழ அழிந்தே போனது. 1989இல் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் எஞ்சிய சிலவற்றைத் தேடிக் கண்டுபிடித்து அந்த இனத்தை மீட்டனர். அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. குறைந்த எடையுள்ள, மழையையும் ஈரத்தையும் தாங்கும் அந்தச் சிறுமாடு ஈரநிலப் பராமரிப்புக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதை அருங்காட்சியகப் பெருமையோடு நிறுத்தாமல் களத்தில் சோதித்துப் பார்க்க வேண்டிய காலம் இது.

கைவிடப்பட்ட பொக்காளி நிலத்தில் நடப்பதைக் கொச்சியைச் சுற்றிப் போகும் எவரும் காணலாம். ஒருகாலத்தில் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 25,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்லப்படும் பொக்காளிச் சாகுபடி இன்று மிகச் சிறிய பங்காகச் சுருங்கிவிட்டது. 2008இல் புவிசார் குறியீடு கிடைத்த பின்னும் சரிவு நிற்கவில்லை. கூலியாள் பற்றாக்குறை, நெல்லைவிட இறாலுக்கு வரும் கூடுதல் வருவாய், நிலம் நிரப்பும் வணிக ஆசை எனக் காரணங்கள் பல. அதே 2008இல் வந்த கேரள நெல்வயல்–ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் நிரப்புவதைத் தடுக்கிறது. ஆனால் சும்மா விடப்பட்ட வயலில் கோரையும் சதுப்புப் பெரணியும் கண்டலும் ஏறுவதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. கண்டல் காடு வருவது நல்லதுதானே என்று கேட்போர் உண்டு. நகர நடுவே உள்ள மங்களவனத்தில் இராக்கொக்கும் நீர்க்காகமும் கூடு வைப்பதைக் கண்டவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயமும் உண்டு. ஆயினும் மரத்தில் கூடு வைக்கும் பறவை வேறு, திறந்த தரையில் கூடு வைக்கும் பறவை வேறு. எல்லாத் தரிசும் கண்டலாக மாறினால் ஆள்காட்டிக்கும் நெடுங்கால் உள்ளானுக்கும் எஞ்சும் இடம் எது என்பதற்கும் விடை சொல்ல வேண்டும்.

கோள் நிலத்தின் ஆண்டுச் சுழற்சி மேய்ச்சலைத் திட்டமிட இன்னும் ஏற்றது. தென்மேற்குப் பருவமழையில் வெள்ளம் நிறைந்து, மழை ஓய்ந்தபின் நீர் இறைக்கப்பட்டு, நெல் நட்டு, கோடையில் அறுவடை முடிந்ததும் வயல் வெறுமையாகிறது. அப்போது குட்டநாட்டிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் சாரா, செம்பல்லி என்னும் நாட்டு வாத்துகளின் பெரும் மந்தைகள் உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் மேய வருகின்றன. மாடும் எருமையும் வைக்கோல் தாளையும் வரப்புப் புல்லையும் மேய்கின்றன. இதே வாரங்களில்தான் ஆள்காட்டி வரப்போரத்திலும் காய்ந்த வயலிலும் முட்டையிடுகிறது. மந்தை எல்லா வயலிலும் ஒரே நேரத்தில் பரவாமல் பகுதி பகுதியாக நகர்ந்தால், கூடுள்ள துண்டு நிலத்தை நான்கு வாரம் ஒதுக்கிவைப்பது உழவருக்குப் பெரிய இழப்பாகாது. மழை வந்து நீர் ஏறத் தொடங்கியதும் முறை மாற வேண்டும்: வாய்க்கால்களையும் தாழ்ந்த தரிசுகளையும் அடைக்கும் கொடிப்புல்லை எருமை மேய விடுவதும், நீலத் தாழைக்கோழியும் மயில் உள்ளானும் கூடு வைக்கும் நெடுங்கோரைத் திட்டுகளை விலக்கிவைப்பதும் அந்தப் பருவத்தின் தேவை.

இதில் எளிதான பகுதி எதுவுமில்லை. தாழைக்கோழி இளநெற்பயிரை ஒடித்துத் தின்பதால் கோள் உழவர்கள் அதைப் பகையாகவே பார்க்கின்றனர். அந்தப் பறவைக்குக் கோரைத் திட்டை ஒதுக்கச் சொல்லும்போது, நெல் இழப்புக்கு ஈடு தருவது பற்றியும் அதே மூச்சில் பேசியாக வேண்டும். வாத்து மந்தைகளோடு நோய் அபாயமும் வருகிறது: 2014இல் குட்டநாட்டில் பரவிய பறவைக் காய்ச்சலால் ஏராளமான வாத்துகள் கொல்லப்பட்டன, அதன் பிறகும் நோய் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, வலசைப் பறவைகள் கூடும் நீர்நிலைகளில் வாத்து மந்தையை விடுவதற்குக் கட்டுப்பாடு வேண்டும். ஈரநிலத்தில் மேயும் மாட்டுக்கும் எருமைக்கும் நத்தை வழியாக ஈரலில் தட்டைப்புழு தொற்றுகிறது. மருந்து கொடுக்காமல் மேயவிடச் சொல்வது உடைமையாளருக்குச் செய்யும் அநீதி. அதே வேளையில் சில குடற்புழு மருந்துகள் சாணத்தின் வழியே வெளியேறிச் சாணவண்டுகளைக் கொல்கின்றன என்பதால், எந்த மருந்தை எந்த மாதத்தில் கொடுப்பது என்பதைக் கால்நடை மருத்துவரும் பறவை ஆய்வாளரும் சேர்ந்தமர்ந்து முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இந்த முடிவுகளை எடுக்கப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. கோள் நிலத்தில் கரைகளால் சூழப்பட்ட ஒவ்வொரு வயல்தொகுதிக்கும் படவு என்று பெயர். அதன் உழவர்கள் சேர்ந்த படவுக் கமிட்டி எந்த நாளில் நீர் இறைப்பது, எப்போது விதைப்பது, அறுவடைக்குப் பின் யாருக்கு வாத்து மேய்க்க அனுமதி தருவது என்பதை ஏற்கெனவே முடிவுசெய்து வருகிறது. பரத்பூரில் இல்லாத பெரும்பேறு இது: நிலமும் நீரும் மந்தையும் யாருடைய கையில் இருக்கின்றனவோ அவர்களே ஒரே மேசையில் அமர்கின்றனர். 1933இல் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் பறவைகளைக் கணக்கெடுத்த காலத்திலிருந்து கேரளத்தில் பறவை நோக்கும் மரபு வலுவாக வளர்ந்திருக்கிறது. திருச்சூரின் பறவை ஆர்வலர்கள் கோள் நிலத்தைத் தொடர்ந்து பதிவுசெய்கின்றனர். அவர்கள் எடுக்கும் கூடுகளின் கணக்கு படவுக் கமிட்டியின் மேய்ச்சல் முடிவோடு இணைய வேண்டும். ஒரு படவில் ஒரு பகுதியை மேயவிட்டு, அதை ஒட்டிய பகுதியை வேலியிட்டு மேயவிடாமல், இரண்டிலும் மாதந்தோறும் புல்லின் உயரத்தையும் நீரின் ஆழத்தையும் அளந்து, எத்தனை கூடு வைக்கப்பட்டது, எத்தனை பொரித்தது, எத்தனை மிதிபட்டது என்று தொடர்ந்து சில ஆண்டுகள் எழுதிவந்தால், இந்த நிலத்துக்கு ஹெக்டேருக்கு எத்தனை எருமை பொருந்தும் என்ற எண் நெதர்லாந்திலிருந்தோ பரத்பூரிலிருந்தோ கடன் வாங்கப்படாமல் இங்கேயே கிடைக்கும். எருமையை ஓட்டிவருபவருக்குப் பால் சங்கத்தின் வழியாக ஓர் ஊக்கத்தொகையும், மழைக்காலத்தில் மந்தை ஏறி நிற்க வெள்ளம் எட்டாத ஒரு மேடும் அந்தத் திட்டத்தின் முதல் செலவுகளாக இருக்க வேண்டும்.